இரட்டைப்படை எண்களைச் சொன்னவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. என் வீட்டு மாடியில், வெளிச்சம் இருக்கும்போதே, மாலை நாலு பத்துக்கு.

கீழே என் தையல் கடை. மேலே வீடு. பக்கவாதம் வந்து என் கணவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. உடற்பயிற்சி கொடுக்க மருத்துவமனையிலிருந்து ஒரு பிசியோதெரபி பெண்ணை அனுப்பினார்கள். வயது இருபத்தைந்து இருக்கும். துறுதுறுவென்று இருந்தாள். பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, பேச்சு வராட்டியும் எண்ண வரும். காலைத் தூக்கித் தூக்கி அவர் ஒண்ணு சொன்னா நான் ரெண்டு சொல்வேன். அப்படியே மாத்தி மாத்திப் போகணும். அந்த நேரத்துல நீங்க மட்டும் மேல வராதீங்க."

"ஏம்மா?"

"நீங்க பக்கத்துல இருந்தா உங்க மேலயே சாஞ்சுப்பார். முயற்சி பண்ண மாட்டார்."

என் புருஷனைப் பார்க்க எனக்கே தடை! மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் நடக்க வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன். மறுநாளிலிருந்து தெருப்பக்கப் படி வழியாகவே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் சரியாக நாலு பத்து. மேலே கட்டில் கிறீச்சிடும். பிறகு அவர் குரல், குழறலாக. "ஒண்ணு..." கொஞ்சம் அமைதி. "மூணு..." அமைதி. "அஞ்சு..." நடுவில் இரட்டைப்படையை அவள் மெதுவாகச் சொல்கிறாள் போலும். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். வயிறு எரியும். குளிப்பாட்டியதும் நான் அதே காலைப் பிடித்துக் கெஞ்சினால் மரக்கட்டையாகக் கிடப்பார். அவளுக்கு மட்டும் எண்ணிக் காட்டுகிறார்!

சின்னச் சின்னதாக உறுத்தியது. அவளுக்கென்று வைத்த ஃபிளாஸ்க் டீ திறக்கப்படவே இல்லை. படியில் செருப்பு இல்லை. நான் பக்கவாட்டில் வகிடெடுத்துச் சீவிய தலை, சாயங்காலம் நடு வகிடாக இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவில் இருப்பது மாதிரி. சிங்காரிக்கிறாளா சிறுக்கி என்று பல்லைக் கடித்தேன்.

பத்தொன்பதாம் நாள். மணி 4:32. செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. எட்டிப் பார்த்தேன்.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். வலது கால் கட்டிலுக்கு ஒரு முழம் மேலே... அந்தரத்தில்.

குதிகாலில் நான்கு குழிகள். விரல் அழுந்திய மாதிரி.

அறையில் வேறு யாருமில்லை.

"பதினஞ்சு..." என்றார்.

அமைதி.

என் காதருகே... "பதினாறு."

அவர் சிரித்தார். முப்பது வருடத்தில் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

கால் மெதுவாக, யாரோ இறக்கி வைப்பதுபோல், படுக்கைக்கு வந்தது.

கீழே ஓடினேன். 4:40க்கு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"ஆஸ்பத்திரியில அக்கா. ரெண்டாம் நாளே வர வேண்டாம்னுட்டாங்களே?"

"யாரு?"

"உங்க அக்காதான். படியிலயே நிறுத்திட்டாங்க. 'எனக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை, நானே பாத்துக்கறேன்'னாங்க. கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு ஒரே அக்கா. என் கணவரை முதலில் அவளுக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அதே தேதியில் என்னைக் கட்டி வைத்தார்கள்.

சீக்கிரமே நடந்துவிடுவார், பயிற்சியை விடாதீர்கள் என்கிறார் டாக்டர். யாரிடம் நடந்து போக? இப்போது நாலு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு மேலே போகிறேன். அந்த வலது காலை இரண்டு கையாலும் படுக்கையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று கை போதவில்லை. காலின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

என்னையும் சேர்த்துத் தூக்கினாள்.