மாசாணம் இழுத்த கோடு

செருப்பைக் கார்னர் கொடிக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் மாசாணம் சுண்ணாம்பைத் தொடுகிறார். ஆட்ட நாள் என்றால் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார். சலித்த சுண்ணாம்பை, அடியில் ஆணியால் துளைபோட்ட பால்பவுடர் டின்னில் நிரப்பி, தரையோடு இழுத்துக் கட்டிய கயிற்றை ஒட்டிக் குனிந்தபடியே பின்பக்கமாக நடப்பார். கயிற்றில் பத்துக் கஜத்துக்கு ஒரு சிவப்புத் துணி. தும்மல் வந்தால்கூட மூலை வரை அடக்கி வைத்திருந்து, கோடு முடிந்தபின் தும்முவார்.

போத்தனூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கல்லூரியின் மைதானத்துக்கு அவர்தான் மார்க்கர். ஆனைமலைக்காரர். இருபது வருடமாகக் கோடு போடுகிறார். ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. எல்லோரும் பந்தைப் பார்க்கையில் அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பையன்கள் பயிற்சியில் குறுக்கே ஓடினால், "கண்ணு, தாண்டிப் போங்க கண்ணு, என்ற கோட்டைத் தேச்சுப்போடாதீங்க" என்று கெஞ்சுவார். யார் ஜெயித்தது என்று கேட்டால், "அதெல்லாம் சாரைக் கேளுங்க. வடக்கால கோடு மட்டும் ரவ அழிஞ்சுபோச்சுங்க" என்பார்.

சார் என்பது நான். ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வண்டிகள் வந்துபோன நேரத்தை எழுதியவன். ஓய்வு பெற்றபின் எழுதுவதற்கு வண்டி இல்லாததால் கால்பந்தை எழுத ஆரம்பித்தேன். பதினாலு நோட்டுகள் ஆகிவிட்டன. கோல் விழுந்த நிமிடம், அடித்த கால், காற்றின் திசை, ரெஃப்ரியின் காலுறை நிறம் எல்லாம் இருக்கும். இதுவரை யாரும் ஒரு நோட்டையும் இரவல் கேட்டதில்லை.

போன டிசம்பரில் பாலக்காட்டுப் பக்கத்துக் கல்லூரி அணி இங்கே ஆட வருவதாக இருந்தது. ஆறு ஆட்டங்களில் முப்பத்துநாலு கோல் அடித்த அணி. முந்தைய வருடம் இதே மைதானத்தில் எங்களுக்கு ஒன்பது போட்டது. இந்தத் தடவையும் ஐந்துக்கு மேல் வாங்கினால் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தில் கம்ப்யூட்டர் கட்டடம் எழுப்புவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. மாசாணத்துக்குத் தோட்ட வேலை என்றும் சொல்லிவிட்டார்கள். "செடிக்கு நேர்கோடு தெரியாதுங்களே" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை நான் நோட்டோடு போய் அவரிடம் தீர்ப்பு வாசித்தேன். அவர்களுடைய இந்த வருடச் சராசரி, போன வருடத்து ஒன்பது, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏழு புள்ளி மூன்று கோல் வாங்குவோம்.

மாசாணம் கயிற்றின் சிக்கை எடுத்துக்கொண்டே கேட்டார். "ஏழு சரிங்க. அந்தப் புள்ளி மூணை எந்த மூலைலீங்க போடுவாங்க?"

கோல்கீப்பர் ரசாக் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். "அதையாச்சும் நான் புடிச்சுருவேனுங்க சார்" என்றான்.

"ஏனுங் சார்," என்றார் மாசாணம் மறுபடியும். "நடுவுல வந்து போடறாங்களா, ஓரமா ஓடி வந்து தூக்கிப் போடறாங்களா?"

அதற்கும் என்னிடம் ஒரு பத்தி இருந்தது. முப்பத்துநாலில் இருபத்தைந்து, ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தில் விழுந்தவை. வாழ்நாளில் முதல்தடவையாக ஒருவர் என் பத்தியைக் கேட்டுவிட்டார் என்ற பூரிப்பில் நிமிடத்தோடு வாசித்தேன்.

"அப்புடீங்களா," என்று கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் என் வழக்கமான இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டேன். அதன் முன்கால்களுக்கு இரண்டு செங்கல் பதித்து வைத்திருக்கிறேன். பக்கக் கோட்டிலிருந்து சரியாக நான்கு கஜம். அன்றைக்கு ஆட்டக்காரர்கள் எல்லோரும் சிறுத்துத் தெரிந்தார்கள். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். புரை முற்றிவிட்டது என்று முடிவுசெய்து, கண் டாக்டரிடம் போக வேண்டிய தேதியை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அதற்குள் பாலக்காட்டு அணியின் பயிற்சியாளர் ரெஃப்ரியிடம் போய், போன வருடம் மைதானம் இன்னும் அகலமாக இருந்ததே என்றார். எங்கள் பி.டி. மாஸ்டர் அரங்கசாமி என்னைக் கைகாட்டினார். "அவருகிட்ட இல்லாத கணக்கே இல்லீங்க."

ரெஃப்ரி வந்தார். "போன வருசம் அகலம் எவ்வளவுங்க?"

பதினோராம் நோட்டைத் திறந்தேன். பந்தின் எடை இருந்தது. மேகம் இருந்தது. இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை போதாமல் போனது இருந்தது. அகலம் இல்லை. பதினாலு நோட்டிலும் இல்லை. நின்ற இடத்தை அளக்காமல் நின்றவர்களை மட்டும் எழுதியிருக்கிறேன்.

"அகலம் எழுதலீங்க," என்றேன். நாற்காலிக்குப் பின்னால் மாசாணம் கயிற்றை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். செங்கல்லைப் பற்றி ரெஃப்ரி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டேப் வைத்து அளந்தார்கள். ஐம்பத்தெட்டுக் கஜம். "ஐம்பதுக்குக் குறையாம இருந்தாச் சரி," என்று ரெஃப்ரி விசில் ஊதினார். விசில் ஊதிய பிறகே தைரியமாகக் குனிந்து என் செங்கல்லையும் எதிரே இருந்த வெள்ளைக் கோட்டையும் பார்த்தேன். நடுவில் பத்துக் கஜம். இரண்டு பக்கமும் ஆறு ஆறு கஜம் உள்ளே தள்ளிக் கோடு போட்டிருக்கிறார் மனிதர். பழைய கோட்டுத் தடத்தில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி விட்டிருக்கிறார்.

ஓரத்தில் ஓடிவந்தவர்களுக்கு ஓட ஓரம் இல்லை. பந்து அறுபத்தொரு தடவை வெளியே போனது. ரசாக் பதினொன்றைத் தடுத்தான். இரண்டே கோல் வாங்கித் தோற்றோம். தோற்ற அணி ரசாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, ஜெயித்த அணி திகைத்து நின்றது. அரங்கசாமி அழுதே விட்டார். என் கணக்கு ஐந்து புள்ளி மூன்று கோலில் பொய்த்தது என்பதையும் எழுதிக்கொண்டேன்.

கூட்டம் கலைந்தது. மாசாணம் கோட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கோடு தெளிவாத் தெரிஞ்சுதுங்களா சார்?"

"கோடு தெரிஞ்சுதுங்க. ஆளுகதான் தெரியல."

"ரெண்டு தடவ கண்ணாடி தொடச்சதப் பாத்தனுங்க," என்றார். "ரவ எந்திரிங்க."

எழுந்தேன். அவர் குனிந்து என் செங்கல் இரண்டையும் பெயர்த்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கயிற்றைத் தரையில் விரித்து, புதுக் கோட்டிலிருந்து நான்கு கஜத்தில் பதித்து, நாற்காலியைத் தூக்கிவந்து அவற்றின்மேல் நிறுத்தினார். ஆடுகிறதா என்று கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.