முகம் தெரிந்த பால்

எனக்கும் என் தம்பிக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு என் அப்பாவைப் பற்றி ஏதோ நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள். அப்பா பாவம். எல்லாம் அம்மா செய்த வேலை.

அம்மாவைத் தெருவில் எல்லோரும் ஏனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடுவார்கள். அம்மா காலிக் குடத்தோடு பம்பு ரூமுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டு, பதிலோடு மட்டும் திரும்பி வருவாள்.

அந்த ஊரில் நாங்கள் ஒரு கைப்பிடிக் கிறிஸ்தவக் குடும்பங்கள். மற்றவர்கள் முஸ்லிம்கள். கல்யாணம், சொத்து, அவர்களுக்கும் எங்களுக்கும் வரும் தகராறு எல்லாமே முஸ்லிம் சட்டப்படி நடக்கும் காஜி கோர்ட்டில்தான் தீரும். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம். இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் நிறுத்துகிற அளவுக்குத்தான் இடம். அங்கே குக்கர் கத்தினால் இங்கே அம்மா அடுப்பை அணைக்க ஓடுவாள்.

வாத்தியார் மனைவிக்குப் பையன் பிறந்த சில நாளில் காய்ச்சல் கண்டு, அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. வாத்தியாரின் தங்கைதான் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகாத பெண். குழந்தை பாட்டிலைத் தொட மாட்டேன் என்று அழுதது, அவளும் கூடவே அழுதாள். மத்தியானம் முழுக்க வாசல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். என்னைத் தரையில் விட்டுவிட்டு அவனை எடுத்தாள். அவன் அப்படியே பிடித்துக்கொண்டானாம், விடவே இல்லையாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார். தங்கை நடந்ததைச் சொன்னாள். வேற்று மதத்துப் பெண் பால் கொடுத்துவிட்டாளே என்று சங்கடப்படுகிறார் போல என்று அம்மா நினைத்தாள். அதுவல்ல விஷயம்.

"அக்கா, எங்க சட்டத்துல இது சின்ன விஷயம் இல்ல. நீங்க தெரிஞ்சே கொடுக்கணும், அதான் சொல்றேன்" என்றார் அவர். "இவன் இனிமே உங்களுக்குப் பால்குடிப் பிள்ளை. உங்க பொண்ணு இவனுக்குக் கூடப்பிறந்த மாதிரி. பெரியவங்களானா ரெண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது."

"நான் கிறிஸ்தவச்சி ஆச்சே தம்பி?"

"பாலுக்கு மதம் கிடையாதுக்கா."

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. காரணம், அதற்கு முந்தின வருஷம்தான் என் மாமாவின் கடைச் சுவரைப் பக்கத்துக் கடைக்காரர் இடித்திருந்தார். அதை நேரில் பார்த்தவர்கள் எங்கள் ஆட்கள் இரண்டு பேர். ஆனால் எதிராளி முஸ்லிம் என்பதால் எங்கள் ஆட்களின் சாட்சி செல்லாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். மாமா சுவரைத் தன் செலவிலேயே திரும்பக் கட்டினார். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் செல்லாது, மார்பில் போட்டுப் பால் கொடுத்தால் முழுத் தாய். இரண்டும் ஒரே சட்டமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அம்மாவால் சும்மா இருக்க முடியுமா? வாத்தியாரை நச்சரித்து, ஒருநாள் காஜியாரின் வீட்டுக்கே போய்விட்டாள்.

காஜியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். அதனால் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவருக்கு அம்மா வந்தது நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கிறது. எத்தனை முறை கொடுத்தால் உறவு வரும் என்று கேட்டாள். ஒரு முறை போதும் என்பவர்களும் உண்டு, ஐந்து முறை வேண்டும் என்பவர்களும் உண்டு என்றார். எனக்குச் சொத்து வருமா, அவனுக்கு என் சொத்து போகுமா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றார். நான் மதம் மாற வேண்டுமா என்றாள். தேவையே இல்லை என்றார். வளர்ந்த பிறகு அவன் எங்கள் வீட்டுக்குள் வந்து போவதில் தடை உண்டா என்றாள். பெற்ற பிள்ளை மாதிரி வரலாம் என்றார். கடைசியில்தான் மாமாவின் சுவரை எடுத்தாள்.



"அது சாட்சி சம்பந்தப்பட்டது, இது பால் சம்பந்தப்பட்டதும்மா" என்றார் காஜியார்.

"ரெண்டுக்கும் ஒரே ஆள்தானேங்க நான்?"

"நீ கேக்குறத எங்க பெரியவங்கள்லயே சில பேர் ரொம்ப காலத்துக்கு முன்னாடி கேட்டிருக்காங்க. அவங்க பக்கம் இந்தக் கோர்ட்டு போகல. நான் உனக்குச் சமாதானம் சொல்ல முடியாது."

அம்மாவுக்கு அந்தப் பதில் திருப்தி தரவில்லை. ஆனாலும் மழுப்பாமல் சொன்னாரே என்று அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. வாத்தியார் மனைவி குணமாகித் திரும்பும் வரை, அம்மா எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பக்கம் என்று பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். நான் இளைத்துப் போனேன் என்று என் அத்தை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது என்னைப் பார்ப்பவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

தம்பி எங்கள் வீட்டிலும் வளர்ந்தான். அடி வாங்குவதில்கூட எனக்கும் அவனுக்கும் பாகுபாடு இருந்ததில்லை. எங்களுக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பினோம். அவன் இப்போது அந்த ஊரிலேயே ரேடியோ ஸ்டேஷனில் இருக்கிறான். அம்மாவுக்குப் போன் போட்டுத் தன் மனைவியைப் பற்றிக் குறை சொல்வான். அம்மா மருமகள் பக்கம்தான் பேசுவாள்.

வந்து சேர்ந்த நாட்டில் எல்லாம் தலைகீழ். தெருவுக்கு ஒரு சர்ச். முஸ்லிம்கள்தான் ஒரு கைப்பிடி. அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தாய்ப்பால் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதிகம் சுரக்கும் தாய்மார்கள் கொடுக்கும் பாலைச் சூடாக்கி, ஆற்றி, உறையவைத்து, குறைமாதக் குழந்தைகளுக்கு அனுப்பும் இடம். கண்ணாடித் தடுப்பு, எந்நேரமும் உறுமும் ஃப்ரீசர், கை வெளுத்துப் போகிற அளவுக்குச் சோப்பு. யாருடைய பால் யாருக்குப் போகிறது என்று வெளியே சொல்லக் கூடாது. அதுதான் அங்கே முதல் விதி.

அம்மா ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு பெண் குழந்தை ரொம்பச் சீக்கிரமே பிறந்துவிட்டது. உள்ளங்கை நீளம்தான் முதுகு. தாய் ஒரு முஸ்லிம் பெண், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவளுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் பால் வந்தது. பவுடர் பால் கொடுத்தால் அந்தக் குடல் தாங்காமல் போகலாம், வங்கிப் பாலைக் கொடுப்போம் என்றார் டாக்டரம்மா. அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

வார்டில் முணுமுணுப்பு கிளம்பியது. மதத்துக்காகப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்றாள் ஒரு நர்ஸ். இப்படியே போனால் கோர்ட்டில் உத்தரவு வாங்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஆபீஸிலும் பேச ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குக் காரணம் ஓரளவு தெரியும். இருந்தும், தனக்குத் தெரிந்ததுதான் அவளுடைய காரணமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா வேண்டாங்குற?"

அந்தப் பெண் இன்குபேட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யார் பாலுன்னு தெரியாதாம். நாளைக்கு இவ ஒருத்தனை விரும்பி வந்து நிப்பா. அவன் இவளோட அண்ணனா இருந்தா? எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது."

"உங்க இமாமக் கேட்டியா?"

கேட்டிருக்கிறாள். பல பேர் பால் கலந்தது, பாட்டிலில் கொடுப்பது, உயிர் போகிற நேரம், அதனால் உறவு வராது, தாராளமாகக் கொடுக்கலாம் என்று இமாம் போனில் சொல்லியிருக்கிறார். கூடாது என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். கணவருக்கு இமாமின் பதில் போதுமானதாக இருந்தது.

"அவர் சொன்னது சரியாவே இருக்கலாம்க்கா. ஆனா எனக்கு ஒரு முகம் தெரியணும். எந்த முகமா இருந்தாலும் சரி."

அம்மா நேராக டாக்டரம்மாவிடம் போனாள். பேரைச் சொல்லக் கூடாது என்ற விதி யாரைக் காப்பாற்ற என்று கேட்டாள். பால் கொடுக்கிறவர்களைத்தான் என்றார் அவர். கொடுக்கிறவளே சொல்லலாம் என்றால்? டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். அப்படி ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை என்றார். மேலே பேசி அனுமதி வாங்க அவரே அலைந்தார். ஒரே தாயின் பால், யாருடையதோடும் கலக்காமல், இரண்டு பக்கமும் சம்மதித்தால் கொடுக்கலாம் என்று முடிவானது. அதுவரை தாயின் சொட்டுகளையும் டிரிப்ஸையும் வைத்துக் குழந்தையை ஓட்டினார்கள்.

அந்த வாரம் பால் கொண்டுவந்தவர்களில் ஒரு பஸ் டிரைவர் பெண் இருந்தாள். மதம் கிதம் எதுவும் இல்லாதவள். கைக்குழந்தைப் பையன் ஒருவன், பிரிந்து போன கணவன் ஒருவன், இதுதான் அவள் குடும்பம். அம்மா விஷயத்தைச் சொன்னதும், பேரைச் சொன்னால் போதுமா, இவ்வளவுதானா என்று சிரித்தாள். பிறகு இரண்டு பெண்களும் இன்குபேட்டர் பக்கத்தில் சந்தித்தார்கள். ஒருத்தி கார் கற்றுக்கொடுப்பவள், ஒருத்தி பஸ் ஓட்டுபவள் என்பதால் முதல் பேச்சு ஊரில் எந்தச் சிக்னல் மோசம் என்பதில்தான் தொடங்கியதாம். அன்று மத்தியானம் மூக்கு வழியாகப் போட்ட மெல்லிய குழாயில் குழந்தைக்குள் முதல் பால் இறங்கியது.

குழந்தை தேறியது. எடை ஏறுவதை வார்டே எட்டி எட்டிப் பார்த்தது. முணுமுணுத்த நர்ஸ்தான் முதலில் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது பஸ் டிரைவர் அம்மாவிடம் கேட்டாள், "எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, இந்தச் சட்டப்படி இவங்க என் பையனப் பாத்துக்கணுமா?"

அம்மா பொய் சொல்லவில்லை. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது என்றாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த தாய்க்காரி நிமிராமலே சொன்னாள்: "சட்டத்துல இல்லாட்டி என்ன? அவன எடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழமை எனக்கு கிளாஸ் கிடையாது."

அம்மா இன்னொன்றும் சொல்லிவைத்தாள். இந்தக் கணக்கில் பால் கொடுத்தவளின் கணவனும் தகப்பன் ஆகிவிடுகிறான்.

"அவனா?" என்றாள் பஸ் டிரைவர். "இருக்குற பிள்ளையப் பாக்கவே வர மாட்டேங்குறான். இதையும் சொன்னா ஊர விட்டே ஓடிடுவான்."

ஆனாலும் போனில் சொல்லியிருக்கிறாள். வேடிக்கைக்காகச் சொன்னாளா, குத்திக்காட்டவா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்த மனிதர் ஷிப்ட் முடிந்த அழுக்குச் சட்டையோடு வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே விடலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி விதிப்படி அவர் யாருமே இல்லை. கடைசியில் தாய்க்காரியே குழந்தையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு அம்மாவிடம், தன் பையனும் இப்படித்தான் கையை மடக்கிவைத்துத் தூங்குகிறானா என்று கேட்டாராம்.

அம்மா, போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாட்டில் கழுவப் போய்விட்டாள்.