கடைசி வளைவில் வந்த நாய்

1. காருக்கு அடியில் இரண்டு கால்

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் நான் இன்ஜின் ஃபிட்டராகச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். முதல் நாள் என்னை வரவேற்றது இரண்டு கால்கள். ஒரு வேனுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. ஆள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

“யாரு, புது இன்ஜின்காரனா?”

“ஆமாங்க. கோவிந்தன்.”

“கார் ரேஸ் பாத்துகீறியா கோயிந்து?”

“போன வருசம் போய்ப் பாத்தேன்.”

“அப்ப சொல்லு. யாரு பெரிய டிரைவரு?”

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் எப்போதும் கிடையாது. “இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? சபாபதிதான்” என்றேன்.

கால்கள் அசையாமல் கிடந்தன. பிறகு மெல்ல நகர்ந்து ஒரு முழு மனிதன் வெளியே வந்தான். தாடியில் கிரீஸ். என்னை ஏற இறங்கப் பார்த்து, “உனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான கீது?” என்றான்.

அவன்தான் அப்துல் காதர். கோவளத்துக்காரன். எங்கள் ஒர்க்‌ஷாப்பின் பிரேக் ஃபிட்டர். அன்று ஆரம்பித்த வாதம் அவன் கப்பல் ஏறும்வரை ஓயவில்லை. எனக்குள் இன்னும் ஓயவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த ரேஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை ஒன்று மெட்ராஸுக்கு வெளியே சும்மா கிடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அதில் கார் ரேஸ் நடக்கும். எண்ணெய் டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்து வளைவு காட்டியிருப்பார்கள். பந்தயத்துக்கென்றே செய்த தாழ்வான கார்களும் ஓடும். அவற்றை நாங்கள் சீண்டுவதில்லை. எங்களுக்கு உயிர், கடைசியில் நடக்கும் ‘கம்பெனி கார்’ ரேஸ்தான். கார் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஓட வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. காலையில் மார்க்கெட்டுக்குப் போன வண்டி மத்தியானம் ரேஸில் நிற்கும். அதில் ஜெயித்தால் அது ஓட்டுகிறவனின் கெட்டிக்காரத்தனம் என்பது எங்கள் கட்சி.

சபாபதி திருக்கழுக்குன்றத்தில் ரைஸ் மில் வைத்திருந்தவரின் மகன். கறுப்பு சலூன் கார். முக்கால்வாசி வருஷம் அவர்தான் ஜெயிப்பார். காதரின் ஆள், ஆர்தர் துரை. ஆங்கிலோ இந்தியர், செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார், ரயில் இன்ஜின் டிரைவர். எங்கேயோ பழையதாக வாங்கிய பச்சைக் காரை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவார். இரண்டு காரும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வேலைக்கு வரும். வாதத்துக்குக் கேட்பானேன்!

2. சட்டம்

வாதத்துக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டது காதர். “கண்ணால பாத்ததுதான் செல்லும். பேப்பர்ல படிச்சேன், டீக்கடைல கேட்டேன், அதெல்லாம் செல்லாது.”

நான் பார்த்தது இன்ஜின். சபாபதி காரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி பிடிக்காமல் நல்ல பிஸ்கட் நிறத்தில் இருக்கும். கியர் மாற்றுவதில் ஒரு தப்பு இருக்காது, இன்ஜினை அழ விடமாட்டார். ஆர்தர் காரின் பிளக் கரிக்கட்டை. ரயில் ஓட்டுகிற கையோடு பெரிய கியரைப் போட்டு, மாடு இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு வருவார். கழற்றிய பிளக்கை காதர் மூக்குக்கு முன்னால் நீட்டுவேன்.

“பாரு பாய், உன் துரையோட லட்சணத்த.”

“நீ மேல திறந்து பாக்கற கோயிந்து. நான் கீழ திறந்து பாக்கறேன். வண்டிய ஓட்டறவன் ஊர்ல ஆயிரம் பேரு கீறான். நிறுத்தத் தெரிஞ்சவன் யாரு, சொல்லு.”

“ரேஸ்ல நிறுத்தறதுக்கா பிரைஸ் தர்றாங்க?”

இந்த இடத்தில் முதலாளி உள்ளே வருவார். “இன்னா நைனா, ரேஸு முடிஞ்சா டாக்டர் வண்டிய கொஞ்சம் பாக்கறீங்களா?” என்பார். ஆளுக்கொரு பக்கம் கலைவோம்.

பெரிய வேலை முடிந்த வண்டியை மாமல்லபுரம் வரை டிரையல் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். நான் ஓட்டுவேன், காதர் பக்கத்தில். திருக்கழுக்குன்றம் மலையைத் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறும். கடலோரம் சவுக்குத் தோப்புப் பக்கம் நிறுத்தி, இன்ஜின் ஆறுவதற்கு பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு மணலில் உட்காருவோம். வாதத்தை அங்கே சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். ஒர்க்‌ஷாப் மாடியில் ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு பாய். நாள் முழுக்க நான் வேறு யாரிடமும் வேலைக்கு வெளியே நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அது அப்போது எனக்குத் தெரியாது. வாதம் இருந்ததால் தெரியவில்லை.

3. நாய்

காதரோடு நான் பார்த்த கடைசி ரேஸ் அது. இரண்டு பேரும் கடைசி வளைவில் கயிற்றை ஒட்டி நின்றோம். கடைசிச் சுற்று. அதிசயமாகப் பச்சைக் கார் முன்னால் வந்தது. கறுப்புக் கார் அதன் முதுகிலேயே. எனக்கு ஒரு பழக்கம், நெருக்கடியான நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பேன். அன்றும் மூடினேன். திறந்தபோது பச்சைக் கார் மூக்கைத் தாழ்த்தித் தயங்கிக்கொண்டிருந்தது, கறுப்புக் கார் பக்கவாட்டில் பாய்ந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரே புழுதி. ஜெயித்தது சபாபதி.

நான் குதித்தேன். காதர் என் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

“நாய் வந்துச்சு, பாத்தியா? செவல நாய். வைக்கோல் கட்டுப் பின்னாடிர்ந்து ஓடியாந்துச்சு. துரை பிரேக் போட்டாரு. இல்லாங்காட்டி அவருதான் ஜெயிச்சிருப்பாரு.”

“எந்த நாயி? புழுதிதான் வந்துச்சு.”

“கோயிந்து, சத்தியமா வந்துச்சு.”

“நான் பாக்கல பாய். கண்ணால பாத்தாதான் செல்லும். சட்டம் உன்னுது.”

அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்கிறீர்கள்! அவன் சட்டத்தாலேயே அவனை மடக்கிவிட்டேன். ரயிலில் திரும்பும்போது அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். தாம்பரம் தாண்டியதும் கேட்டான்.

“அப்போ நான் பொய் சொல்றன்றியா?”

“பொய்ன்னு சொல்லல. நான் பாக்கலன்னுதான் சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

4. சவுக்குத் தோப்பு

அதற்கு அடுத்த டிரையல் வண்டியில்தான் பினாங்குப் பேச்சை எடுத்தான். அவன் மாமன் அங்கே மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். வரச் சொல்லிவிட்டார், காகிதமெல்லாம் தயார். பொண்டாட்டியும் பிள்ளைகளும் இப்போதைக்குக் கோவளத்தில். நான் அலைகளைப் பார்த்துக்கொண்டு, “நல்லதுதான், போயிட்டு வா” என்றேன்.

கிளம்பும்போது பானட்டை மூடிவிட்டு, கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“ஒரே ஒரு தபா சொல்லு கோயிந்து, நாய் வந்துச்சுன்னு. போறப்ப சந்தோசமாப் போவேன்.”

“பாத்திருந்தா சொல்ல மாட்டனா பாய்?”

“சரி வுடு” என்றான். காரில் ஏறிக்கொண்டான். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

அதன் பிறகு ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வாதாட ஆளில்லை. சபாபதிதான் பெரிய டிரைவர் என்றால், “ஆமா அண்ணாத்த, அவருதான்” என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். உப்பில்லாத சோறு தின்கிற மாதிரி இருந்தது. டிரையலுக்குத் தனியாகப் போனேன். தோப்பில் நிறுத்தினேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. இன்ஜின் ஆறுகிறவரை உட்காருவதற்கு என்னால் முடியவில்லை. கொதிக்கிற இன்ஜினோடு திரும்பினேன். இன்ஜின்காரன் செய்கிற வேலையா அது?

எழுதிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். தோற்றவன் முதலில் எழுதட்டும் என்கிற வீம்பு.

5. டிரம்

வேறு பிரேக் ஃபிட்டர் கிடைக்கவில்லை. “நீயே கீழயும் பாத்துக்கோ நைனா” என்று முதலாளி அந்த வேலையையும் என் தலையில் கட்டினார். அதுவரை வண்டிகளை மேலே திறந்து பார்த்தவன், அப்போதுதான் கீழே படுத்தேன்.

முதலில் வந்தது சபாபதியின் கறுப்புக் கார். சக்கரத்தைக் கழற்றி, அதோடு சுற்றுகிற சட்டி மாதிரியான பிரேக் டிரம்மை இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். டிரம்மின் உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. டிரம்மை உரசி வண்டியை நிறுத்துகிற, பிரேக் ஷூவில் ரிவெட் அடித்திருந்த லைனிங் ஒரு பக்கம் ரிவெட் வரை தேய்ந்து, இன்னொரு பக்கம் கருகிக் கிடந்தது. வளைவு மூஞ்சிக்கு நேரே வந்த பிறகு பிரேக்கின் மேல் ஏறி நிற்கிற ஆள். காதர் இந்த லைனிங்கை வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுவான், முணுமுணுத்துக்கொண்டே மாற்றுவான். நான் காதில் வாங்கியதில்லை.

சில மாதம் கழித்து ஆர்தர் துரை பச்சைக் காரைக் கொண்டுவந்தார். ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார், காரை விற்கிறார், வாங்குகிறவர் புது லைனிங் போட்டுக் கேட்கிறார். டிரம்மை இழுத்தேன். காதர் எப்போதோ போட்ட அதே லைனிங். நான்கு சக்கரத்திலும் ஒரே மாதிரி, வழவழவென்று, பாதிகூடத் தேயாமல். ஒரு கருகல் இல்லை. இவர் பல மைலுக்கு முன்னாலேயே ஸ்டேஷனை நினைத்து ரயிலை நிறுத்தப் பழகிய மனிதர். ரேஸிலும் வளைவு வருவதற்கு எவ்வளவோ முன்னால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறார். இந்தக் கரிக்கட்டை இன்ஜினோடு, பிரேக்கைத் தொடாமல், வருஷா வருஷம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்திருக்கிறார்!

அங்கேயே, தரையில் படுத்தபடி, எனக்கு அந்தக் கடைசி வளைவு ஞாபகம் வந்தது. பிரேக்கை மிதிக்காத மனிதர் அன்றைக்கு மட்டும், ஜெயிக்கப் போகிற நேரத்தில், கார் மூக்கைத் தாழ்த்துகிற அளவுக்கு ஏன் மிதித்தார்?

எழுந்து போய்க் கேட்டேன். “துரை, போன ரேஸ்ல கடைசி வளைவுல நாய் ஏதாச்சும் குறுக்க வந்துச்சா?”

அவர் சுருட்டை எடுத்துவிட்டு யோசித்தார். “நாயா? எவ்ளோ நாய், எவ்ளோ மாடு மேன். எல்லாம் இன்னா ஞாபகம் கீது? எதுனா வந்தா நிறுத்தணும், அவ்ளோதான்” என்றார்.

அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அது விஷயம். ஒருவன் பினாங்கில் இருந்தான். கழற்றிய லைனிங் ஒன்றைத் துடைத்து என் டிராயரில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மாடி அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

6. ஹமீது கொண்டுவந்த சேதி

கொஞ்ச நாளில் காதரின் மச்சான் ஹமீது, அவன் மனைவியின் தம்பி, பினாங்கிலிருந்து ஊருக்கு வந்தவர் ஒர்க்‌ஷாப்புக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“மச்சான் உங்களாண்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. உங்க ஆளுதான் பெரிய டிரைவராம். அவரு வுட்டுக் குடுத்துட்டாராம்.”

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் காதர் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை.

“எப்ப வரானாம்?”

“எங்க வரப் போறாரு? அங்கயே வூடு பாத்துட்டாரு. அக்காவையும் புள்ளைங்களையும் இட்டுகினு போகத்தான் நான் வந்துகீறேன்.”

திரும்பி வருகிறவன் வாதத்தை மிச்சம் வைத்துவிட்டுப் போவான். வராதவன்தான் முடித்துவைப்பான். அது விடைபெறுவதுதான் என்று எனக்குப் புரிந்தது. டிராயரிலிருந்த லைனிங்கை எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றி ஹமீது கையில் கொடுத்தேன்.

“இது துரை வண்டியோடது. பாய்கிட்ட குடுங்க. நாய் வந்துச்சுன்னு கோயிந்து சொன்னான்னு சொல்லுங்க.”

“எந்த நாய்ண்ணே?”

“அவனுக்குத் தெரியும்.”

அது போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஹமீதும் திரும்பி வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு டிரைவரை எடை போடுவதற்கு முன்னால் மேலேயும் திறந்து பாருங்கள், கீழேயும் திறந்து பாருங்கள். நம்பத் தகுந்த ஆள் ஒருத்தன் பார்த்தேன் என்று சொன்னால், நீங்கள் பார்க்காவிட்டாலும் ஒத்துக்கொள்ளுங்கள். அதையும் அவன் பக்கத்து சீட்டில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

இப்போதும் யாராவது கேட்பார்கள், அந்தக் காலத்தில் யார் பெரிய டிரைவர் என்று. ஆர்தர் துரை என்கிறேன். சரிங்க என்கிறார்கள். “உனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான கீது?” என்று ஒருத்தனாவது கேட்பானா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.