மணல் மேட்டுக் கிணறு

கடற்கரை மணலில் கிணற்றை ஆழப்படுத்த, சூளகிரியிலிருந்து பாறை உடைக்கிற ஆளைப் பஸ் ஏறி வரச் சொன்ன புத்திசாலி நான். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது என் வழக்கம்.

அறுபதுகளின் கடைசி. இன்றைக்கு வேலை தேடி ஊர் ஊராக ஆட்கள் எங்கள் ஓசூர்ப் பக்கம் வந்து இறங்குகிறார்கள். அன்றைக்கு நாங்கள்தான் வேலை தேடி வெளியே போனோம். எனக்கு மெட்ராஸுக்கு வடக்கே, கடலோரத்தில் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. மனைவியோடு போய்க் குடியேறினேன்.

அந்த இடத்தின் பூகோளம் எளிது. கிழக்கே கடல். மேற்கே கால்வாய், அதைத் தாண்டினால் உப்பளம். நடுவில் வடக்கு தெற்காக ஒரு மணல் மேடு. மனுஷன், மாடு, கோயில், மாதா கெபி எல்லாம் அந்த மேட்டின் மேல்தான். சரித்திரம் இன்னும் எளிது. தெற்கே துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிச் சுவர் கட்டினார்கள். மணல் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. இந்தப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வாழ வந்த வீட்டைக் கடல் தின்றது. பின்னால் தள்ளிப் போட்ட குடிசையையும் தின்றது. புருஷனும் போன பிறகு எங்கள் சந்துக்கு வந்து, ஆலை வாசலில் இட்லி விற்று இரண்டு பெண்களை வளர்த்தார். அரிசி ஊறவைப்பதிலிருந்து இட்லி வேகவைப்பது வரை எல்லாத் தண்ணீரும் எங்கள் வீட்டு வாசலில் இருந்த உறைக்கிணற்றிலிருந்துதான். ஆழமே இல்லாத கிணறு. குனிந்தே மொண்டுவிடலாம். இளநீர் மாதிரி இருக்கும்.

எங்கள் பக்கம் கிணறு என்றால் எட்டிப் பார்த்தாலே தலை சுற்ற வேண்டும். தண்ணீர் குறைந்தால் இன்னும் தோண்டு. பாறை வந்தால் வெடி வை. தண்ணீர் கீழேதான் இருக்கிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சித்திரையில் கிணறு கணுக்கால் அளவுக்கு வற்றியது. பெண்கள் ஊற்றுக்குக் காத்து நின்றார்கள். நான் ஊரில் பாறை உடைக்கிற மனைவியின் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். கடப்பாரையோடு வந்தவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, இது கெணறா? எருமைக்குத் தண்ணி காட்டற தொட்டியாட்டம் இருக்குது!"

"அதுக்குத்தானே மச்சான் உங்கள வரச் சொன்னது."

இட்லிக்கார அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "வோணாம் தம்பி. மேல நிக்கறதுதான் நல்ல தண்ணி. அடில கடலு கீது."

"கடல் அதோ அங்க இருக்குதுங்க அக்கா. நாங்க என்ன படகு விட்டா தோண்டறோம்?"

சந்தே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

மச்சான் உறைக்குள் இறங்கி மணலை வாரி வாரி அனுப்பினார். கடப்பாரைக்கு வேலையே இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அடியில் மணல் போகப் போக உறைகள் தாமாக இறங்கின. மேலே புது உறைகளை வைத்தோம். திடீரென்று உள்ளிருந்து "நீள்ளு! நீள்ளு!" என்று வீட்டுத் தெலுங்கில் கத்தினார். இடுப்பளவு தண்ணீர்! பெண்கள் ஓடி வந்து மொண்டார்கள். நான் கிணற்றடியில் நின்று, எலெக்‌ஷனில் ஜெயித்தவன் மாதிரி எல்லாருக்கும் கும்பிடு போட்டேன்.

மச்சானை ஊருக்கு அனுப்பிய வாரமே காபி கரித்தது. டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். பிறகு பருப்பு வேகவில்லை. பிறகு ஆலை வாசலில் ஒருவன் பாதி இட்லியை இலையிலேயே வைத்துவிட்டு, "இன்னாமே, கடல்லயா மாவு கரைச்ச?" என்று கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வாரிய மணலையெல்லாம் திரும்பக் கொட்டினேன். ஏறிய உப்பு இறங்கவில்லை. ஐப்பசி மழைக்குச் சரியாகிவிடும் என்றார்கள். ஐப்பசி வரைக்கும் இட்லிக் கடை எப்படிக் காத்திருக்கும்? அந்த அம்மாவும் பெண்களும் ரயில் பாதைக்கு அப்பால் இருந்த குழாயடிக்குப் போய்க் குடம் குடமாகச் சுமந்து பார்த்தார்கள். குடிக்கவும் சமைக்கவுமே அது சரியாகப் போயிற்று. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆலைக் குழாயில் பிடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

வைகாசி முடிவதற்குள் அவர்கள் எங்கள் சந்திலிருந்து போய்விட்டார்கள். கடல் அந்த அம்மாவை இரண்டு தடவை துரத்தியது. கடலுக்கு எட்டாத இடம் என்று வந்தவரை மூன்றாவது தடவை நான் துரத்தினேன்.

பட்டணத்துக்குள் ஒரு ஓட்டலில் மாவாட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். உட்கார்ந்து இட்லியும் சாப்பிட்டேன். பின்கட்டில் ஆட்டுக்கல் முன்னால் இருந்தவரிடம் போய் நின்றதும் வேறு என்னமோதான் வந்தது.

"அக்கா, இங்க தண்ணி நல்லா இருக்குதுங்களா?"

குழவியைச் சுற்றிய கை நிற்கவில்லை.

"துன்னுட்ட இல்ல? கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராத."