உப்புக் கரையில் போட்ட தோட்டம்

மழை பொய்த்த இரண்டாம் வருஷம் ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீரும் உள்ளே வரவில்லை, ஆற்றுத் தண்ணீரும் வரவில்லை. வெயில் ஏற ஏற ஏரி வற்றி உப்பாகக் கரித்தது. மீன்கள் செத்து ஒதுங்கின. நாற்றத்தில் சில நாள் குப்பத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்குவதற்குச் சோறே இல்லை.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில் வெடிமருந்து அரைக்கும் சாலை இருந்தது. என் வீட்டுக்காரர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அங்கே கரியும் வெடியுப்பும் சுமக்கப் போனார். கூலியாக வந்த அரிசி அவர் ஒருவர் வயிற்றுக்கே பற்றாது. வீட்டில் அவரோடு நானும் அவருடைய தங்கையும் இருந்தோம். அவள் புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள்.

தோட்டம் போடலாம் என்று சொன்னது அவள்தான். மிச்சமிருந்த கருவாட்டைக் காட்டூருக்கு எடுத்துப்போய்க் கத்தரி, தண்டுக்கீரை, சுரை விதைகளை மாற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் குப்பத்தில் அதுவரை யாரும் ஒரு செடி வைத்து வளர்த்ததில்லை.

தண்ணீர் கிட்டத்தில் இருக்கட்டும் என்று ஏரிக்கரை ஓரமாகவே கொத்தினோம். மண் கறுப்பாக, மிருதுவாக இருந்தது. நல்ல மண் என்று நினைத்தோம். கத்தரி முளைத்து நாலு இலை விட்டது. அதற்குள் பாத்தி முழுவதும் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது.

நாத்தனார் ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“இன்னா அண்ணி, எல எல்லாம் சுருண்டுக்கினு கீது? வாயில வச்சா உப்புக் கரிக்குது.”

“தண்ணி இன்னும் ஊத்தலாம்,” என்றேன்.

இன்னும் ஊற்றினோம். அதே ஏரித் தண்ணீர். ஒரு செடிகூடத் தேறவில்லை.

அடுத்து குடிசைக்குப் பின்னால் மணல் மேட்டுக்குப் போனோம். அங்கே ஆழமாகத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் கொஞ்சம் ஊறும். கீரை விதை முழுவதையும் ஒரே பாத்தியில் தூவினோம். புல் மாதிரி நெருக்கமாக முளைத்து வந்தது. அந்த வறட்சியில் பச்சை நிறத்தைப் பார்த்ததும் குப்பத்துப் பெண்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

காட்டூரில் விதை கொடுத்தவள், நெருக்கமாக முளைத்தால் பாதியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் பிடுங்கக் குனிந்தபோது நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் அண்ணி. இத்தினி பட்டினியில மொளச்சு வந்தத நாமளே புடுங்கிப் போடறதா?”

எனக்கும் மனசு வரவில்லை. தண்டுகள் நூல் மாதிரி மெலிந்து வளர்ந்தன. அவற்றுக்குத் தெம்பு வரட்டும் என்று, கரையில் அழுகிக் கிடந்த மீனை அள்ளிவந்து அப்படியே தண்டோரமாகப் பரப்பினோம். புழு வைத்தது. வேர் வெந்தது. ராத்திரியில் நாய்கள் மீனுக்காகப் பாத்தியைத் தோண்டிப் போட்டன. காலையில் எஞ்சிய கீரையைப் பொறுக்கி வேகவைத்தோம். ஆளுக்கு ஒரு பிடி வந்தது.

வேலி போடாததால் ஒரு சுரைக்கொடியை ஆடு தின்றது. இன்னொன்று பிழைத்து, குடிசைக் கூரையில் ஏறி, கட்டைவிரல் அளவில் மூன்று பிஞ்சு விட்டது. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார். வெடிமருந்துச் சாலை முற்றத்தில் வெடியுப்பு சிந்தின இடத்தில் புல் கொழுகொழுவென்று வளர்கிறது என்று அவர் கண்டிருந்தார். ஒருநாள் அந்த உப்பை வேட்டி மடிப்பில் மறைத்துக் கொண்டுவந்தார். பிடிபட்டிருந்தால் கோட்டைக் கம்பத்தில் கட்டி அடித்திருப்பார்கள்.

“இத போட்டா காய் பெருசாவும்,” என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் அள்ளி வேரிலேயே கொட்டினார்.

அந்தப் புல்லுக்குக் கிடைத்தது முற்றம் கழுவுகிற தண்ணீரில் கரைந்து பரவிய துளி உப்பு. அது அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் கொடி தலையைத் தொங்கப் போட்டது. பிஞ்சுகள் சுருங்கின. அவர் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கையால் தோண்டித் தோண்டி அந்த உப்பைப் பொறுக்கினார். நாங்கள் எழுப்பியும் எழுந்து வரவில்லை.

அந்த வாரம் தரகன் குப்பத்துக்கு வந்தான். ஒல்லாந்தர் கப்பலில் கடல் தாண்டி, அவர்களுடைய பத்தாவிப் பட்டணத்துக்குப் போக ஆள் வேண்டும், போகிறவர் வீட்டுக்கு அரிசி உண்டு என்றான். போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்களை அடிமையாக விற்கிறார்கள் என்பதும் தெரியும்.

“நான் போறேன்னு சொல்லிட்டேன்,” என்றாள் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் கோபத்தில் கையை ஓங்கினார். அடிக்கவில்லை.

“எனக்குப் புள்ள இல்ல, புருஷன் இல்ல. இங்க இருந்தா மூணு பேரும் சாவோம், அண்ணே. அங்க கஞ்சியாவது ஊத்துவான்.”

நான் அவள் தலையை வாரிப் பின்னிவிட்டேன். இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். பிற்பகலில் அரிசி மூட்டை வந்தது. அவர் முதல் நாள் அந்தச் சோற்றைத் தொடவில்லை. இரண்டாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றார்.

ஐப்பசியில் மழை அடித்தது. முகத்துவாரம் உடைத்துக்கொண்டு திறந்தது, மீன் வந்தது. நான் மணல் மேட்டில் மறுபடி கொத்தினேன். சுற்றிலும் முள் வெட்டிப் போட்டேன். மக்கிய சாணத்தைத் தண்டில் படாமல் தள்ளி வைத்தேன். காட்டூரிலிருந்து வாங்கிவந்த கீரை விதையைக் கொஞ்சமாகத் தூவினேன், முளைத்ததில் பாதிக்கு மேல் பிடுங்கி எறிந்தேன். பிடுங்கும்போதெல்லாம் அழுகை வந்தது. மிச்சம் நன்றாக வளர்ந்தது.

அந்தக் கீரையைக் கோட்டைச் சமையற்கட்டுக்குக் கூடையில் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். பத்தாவியிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் அங்கே வருகிற மாலுமிகளிடம் அவளைப் பற்றிக் கேட்பேன். நெற்றியில் தழும்பு இருக்கும், சிரித்தால் ஒரு கண் சுருங்கும் என்று அடையாளம் சொல்வேன். பத்தாவியில் அப்படி நிறையப் பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் கீரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.