வேலம்பாளையத்தில் ஒன்பது நொடி எடுத்துக்கொண்ட இரும்புக் கவ்வி

துணிக் குவியலை அள்ளும் அந்த லோடரின் வேகத்தைக் கெடுத்தது அதன் முதலாளி. பழி மட்டும் அதை ஓட்டும் என் மச்சான் அந்தோணி மேல் விழுந்தது. வயசாகிவிட்டது, கை ஓடவில்லை, திங்கட்கிழமை முதல் கோயம்புத்தூரிலிருந்து வேறு ஆள் வருகிறான் என்று வியாழக்கிழமை சொல்லிவிட்டார்கள். அக்கா போனில் அழவில்லை. "நீ ஒருதடவ வந்து அந்த மிஷினப் பாருல" என்றாள், அவ்வளவுதான். அவள் அழாமல் பேசினால்தான் எனக்குப் பயம் வரும்.

நான் மதுரையில் மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலை 5.20க்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழி. ஏறக்குறைய 190 கிலோமீட்டர், டிக்கெட் 190 ரூபாய். தாராபுரத்தில் பத்து நிமிடம் நிற்கும். டீ 15 ரூபாய், குடிக்கலாம். வடையைத் தொட வேண்டாம். 10.30க்கு ஊருக்கு வெளியே கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். ஊருக்குள் கொண்டுபோய் விடுவார்கள் என்று நம்பி வராதீர்கள். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பழைய பேருந்து நிலையம், இன்னொரு பஸ்ஸில் வேலம்பாளையம். போய்ச் சேர 11.40 ஆகிவிட்டது.

வழியெல்லாம் சுவர்களில் ஆட்கள் தேவை என்று தமிழிலும் இந்தியிலும் ஒட்டியிருந்தது. டைலர் தேவை, செக்கிங் தேவை, பேக்கிங் தேவை. நாற்பத்தெட்டு வயது லோடர் ஓட்டுநர் தேவை என்று ஒரு சுவரிலும் இல்லை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம் உழைத்த ஆளுக்கு நான்கு நாள் கெடு கொடுப்பதில் இங்கே யாருக்கும் கூச்சமில்லை.

மச்சான் வேலை செய்யும் யார்டில் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் மலைபோல் கிடக்கிறது. நின்ற இடத்திலேயே திரும்பும் குட்டி லோடர் அவருடையது. காலையில் அதில் இரும்புக் கவ்வியை மாட்டித் துணிக் குவியலை அள்ளி லாரியில் போடுவார். மாலையில் கவ்வியைக் கழற்றிவிட்டு, தரை பெருக்கும் பிரஷ்ஷை மாட்டுவார். நான் போனபோது சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, சாப்ட்டியால?"

"மொதல்ல மிஷின் மச்சான்."

"அது எங்க போயிரப் போவுது? போனா நாந்தான் போவணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சினை முழு வேகத்தில் வைத்துக் கவ்வியை மூடச் சொன்னேன். போனில் நேரம் பார்த்தேன்: ஒன்பது நொடி. மூன்றில் மூட வேண்டியது. ஆனால் லோடரின் கைகள் சட்டென்று ஏறி இறங்கின. பம்பு நன்றாக இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆயில் அளவும் சரி. கவ்வியைக் கழற்றிப் பிரஷ்ஷை மாட்டினோம். அதுவும் சோம்பிச் சோம்பிச் சுற்றியது. இரண்டு கருவியும் மந்தம் என்றால் கோளாறு கருவியில் இல்லை. லோடரிலிருந்து கருவிக்கு ஆயில் போகும் பாதையில் இருக்கிறது.

எஞ்சினை அணைத்து, லைனில் நின்ற அழுத்தத்தை விட்டுவிட்டு, ஹோஸ் மாட்டும் கப்ளரைப் பிரித்தேன். உள்ளே வால்வைச் சுற்றி நூல் நூலாகப் பஞ்சு, ஆயிலில் ஊறி மோதிரம்போல் இறுகிக் கிடந்தது. வால்வு பாதிதான் திறந்திருக்கும். ஃபில்டரிலும் அதே பஞ்சு.

மச்சான் அதை விரலில் எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தினமும் ஹோஸைக் கழற்றியதும் தூசி போகாமலிருக்க, வேஸ்டிலிருந்து மெத்தென்ற பனியன் துணியாகத் தேடியெடுத்துக் கப்ளர் வாயைச் சுற்றிக் கட்டுவது அவர் வழக்கம். பிள்ளைக்குக் குல்லா போடுகிற மாதிரி கட்டுவார் என்று அக்கா கிண்டல் செய்வாள். மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தத் துணியின் நூல் உள்ளே போயிருக்கிறது.

"அப்ப நாந்தான் கெடுத்திருக்கேன்."

"நீங்க சொல்லாதீங்க மச்சான். அடைப்புன்னு மட்டும் நான் சொல்லிக்கிறேன்."

"எதுக்குல மறைக்கணும்?" என்று அவரே சூப்பர்வைசர் வேலுச்சாமியிடம் நடந்தார்.

வேலுச்சாமி பஞ்சு மோதிரத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அட, துணி கட்டச் சொன்னதே நாந்தானுங்க. அந்தோணி ரப்பர் மூடிதான் கேட்டாரு, ரெண்டு தடவ. மொதலாளிகிட்டச் சொன்னனுங்க. பனியன் ஊர்ல உக்காந்துட்டு மூடிக்குக் காசு கேக்கறயான்னு வைதாருங்க."

"இந்த அடைப்பு அதனாலதான்னு மொதலாளிகிட்டச் சொல்லுவீங்களா?"

"எனக்கும் ஊடு இருக்குது கண்ணு."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவினாசி ரோட்டுக் கடையில் ஃபில்டர் 1,450, ரப்பர் மூடி நான்கு 320. பிரித்ததை டீசலில் கழுவி, காற்றடித்து மாட்டினேன். மாலை 4.15க்குக் கவ்வி மூன்று நொடியில் மூடியது. மச்சான் ஐந்தாறு முறை திறந்து மூடினார், நான் போனில் வீடியோ எடுத்தேன். அப்புறம் கவ்வியைக் கழற்றி, ஒவ்வொரு மூடியாகப் போட்டுக் கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். வீட்டில் அக்கா அந்த வீடியோவைச் சோறு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "இவரு கை எவ்ளோ சீக்கிரம் போவுது பாருல" என்றாள். போவது கவ்விதான் என்று நான் திருத்தவில்லை.

லோடர் வைத்திருப்பவர்களுக்கு: லோடரின் கை வேகமாகவும் மாட்டிய கருவி மட்டும் மெதுவாகவும் இருந்தால் பம்பைக் கழற்றாதீர்கள். வேறு கருவியை மாட்டிப் பாருங்கள், அப்புறம் கப்ளர், ஃபில்டர். ஆயில் கசிவை வெறுங்கையால் தடவித் தேடாதீர்கள், அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே போகும்; அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஆயில் போகும் வாயில் துணி வைக்காதீர்கள், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும். மதுரைக்குத் திரும்புகிறவர்கள் ஞாயிறு மதியத்துக்கு முன்பே ஏறிவிடுங்கள், அப்புறம் உட்கார இடம் கிடைக்காது. நான் தாராபுரம்வரை நின்றுகொண்டுதான் வந்தேன்.

அக்கறையாகத் துணி சுற்றிய கைக்குத் தண்டனை, மூடி மறுத்த வாய்க்கு ஒன்றுமில்லை என்பதை நின்றபடியே யோசித்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸிலிருந்தே முதலாளிக்கு அந்த வீடியோவையும் பஞ்சின் படத்தையும், மச்சானிடம் கேட்டுக்கொண்டு, அனுப்பினேன். மூடி கேட்டு மறுக்கப்பட்டதையும் எழுதினேன். யார் சொன்னது என்று எழுதவில்லை. பார்த்துவிட்டார். இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இப்போது ஞாயிறு மாலை ஆறரை. அவருக்கு அனுப்பியதன் கடைசி வரியை இங்கேயும் போடுகிறேன்:

கோயம்புத்தூர் ஆளை வரவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள், சொல்லிவிட்டு அந்தோணிக்கு நீங்களே போன் செய்யுங்கள்.