யாக்கூப் பாய் தர மறுத்த சிலிண்டர்

இது எனக்கு நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. போன மார்ச் மாதம், வியாழக்கிழமை, பட்டப்பகல். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் வொர்க்‌ஷாப்.

பழைய ராணுவ லாரி ஒன்றை மூன்று வருடமாகச் சரிசெய்துகொண்டிருந்தேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காத வாய் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாகனச் சோதனை. பிரேக் பிடிக்காமல் ஏற்கெனவே ஒருமுறை தோற்றாயிற்று. இன்னொரு முறை தோற்றால் லாரியை உடைக்கக் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பேனா நான்?

தேவைப்பட்டது ஒரே ஒரு சாமான், மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் எண்ணெயை நான்கு சக்கரத்துக்கும் தள்ளுவது அதுதான். எங்கெங்கோ தேடி, கடைசியில் சையது ஆல்வி ரோட்டில் யாக்கூப் பாயின் பழைய சாமான் கடையில் கண்டுபிடித்தேன். மேல் அலமாரியில், துணி சுற்றி வைத்திருந்தார்.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா," என்றார்.

நான்கு நாள் போய் உட்கார்ந்தேன். "அப்புறம் என்ன, அடைகாக்குறீங்களா பாய்?" என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தார்.

பொருத்தியாயிற்று. இனி குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலில். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதி, பிடி, விடு. அவ்வளவுதான் பேச்சு. திருகு திறந்திருக்கும்போது மேலே இருப்பவர் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். செய்ததெல்லாம் பாழ்.

பெடலுக்கு என் கூட்டாளி அன்வர். 3:40க்கு நான் லாரிக்கு அடியில் நுழைந்தேன். தகரக் கூரையில் மழை கொட்டியது. குழாய், குப்பி எல்லாம் மாட்டி முடிக்க 3:50.

"மிதி."

"ம்."

அன்வர் வாய் ஓயாதவன். அன்றைக்கு வெறும் "ம்" மட்டும்... காலையில் திட்டியதற்குக் கோபம் போல என்று விட்டுவிட்டேன்.

மூன்று சக்கரம் முடிந்தது. நான்காவதுக்கு வந்தபோது 4:12. பெடல் இறங்கியது. திருகைத் திறந்தேன். போன் அடித்தது.

அன்வர்.

"ரக்ஷனாக்கா, ஆயில் கடையில ஒரே கூட்டம் லா. இன்னும் பத்து நிமிஷம்."

"எப்ப போன?"

"மூணே முக்காலுக்கே. சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

பெடல் இன்னும் கீழேயே இருந்தது.

கேபின் தரையில் பெடல் தண்டு இறங்கும் ஓட்டை ஒன்று உண்டு. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். தண்டு முழுசாக அழுந்தியிருந்தது. அதன் மேல்... கால் இல்லை.

பயந்தேன். மறைக்க மாட்டேன். ஆனால் ஓடினால் காற்று உள்ளே போகும். நாளைக்கு லாரி கையைவிட்டுப் போகும்.

விட மாட்டேன்.

"யாரா வேணா இரு. காலை எடுக்காத. பிடி."

"ம்."

திருகை மூடினேன்.

"விடு."

க்ரீச்... பெடல் மேலே வந்தது.

மறுபடி. மறுபடி. குப்பியில் குமிழி வருவது நின்றது.

"போதும்."

பெடல் தானாக இறங்கியது.

"இன்னும் காத்து இருக்கு..."

ஆண் குரல். கெஞ்சியது.

திறந்தேன்.

பொளக்.

பெரிய குமிழி.

4:31க்கு அன்வர் வந்தான். கேபினில் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை லாரி தேறியது. அன்று சாயங்காலமே யாக்கூப் பாயின் கடைக்குப் போனேன். திட்டத்தான் போனேன். ஆளே இல்லாமல் பெடல் இறங்கியதைச் சொன்னேன். அந்தக் குரல் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். அந்தச் சிலிண்டர் 1987இல் கல் ஏற்றிய ஒரு லாரியில் இருந்ததாம். மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் நாகூர் கனி சாகும்வரை பெடலை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சிலிண்டரில் பழுதில்லை. குழாயில் காற்று.

"அதக் கழட்டிக் கொடுத்துடும்மா," என்றார்.

"தர மாட்டேன் பாய். அவருதான் என் லாரியக் காப்பாத்துனாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கனி செத்த அன்னிக்குக் காலையிலயும் அவன்தான் மேல உக்காந்து மிதிச்சான். இன்னும் காத்து இருக்குன்னு சொன்னான். கீழ படுத்திருந்தது நான். போதும்னு சொன்னதும் நான்தான்."